சிரித்தபடி பண்ணையம் பார்த்தவள்

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளைப் பார்த்துத்தான் எங்கள் பக்கத்தில் கல்யாணத் தேதியே குறிப்பார்கள். பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடிந்தது. அதிலிருந்து புறப்படும் 200 கிலோமீட்டர் வாய்க்கால் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாய வேண்டும். அத்தனைக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கத் தண்ணீர் பற்றாது. ஆகையால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, ஒரு பாதிக்கு ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி நெல்லுக்கும், மறு பாதிக்குத் தை மாதத்தை ஒட்டிக் கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிர்களுக்கும் விடுவார்கள். அடுத்த வருடம் முறை மாறும். இந்தக் கணக்கு தெரியாதவர் எங்கள் ஊரில் பண்ணையம் பார்க்க முடியாது. எங்கள் வீட்டில் அந்தக் கணக்கைத் தலைக்குள் வைத்திருந்தது அப்பா இல்லை, அம்மா.

அம்மா 1968-இல் கல்யாணமாகி, கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் நாலேக்கர் தோட்டத்துக்கு வந்தாள். பிறந்தது காங்கேயம் பக்கம். அங்கே நிலம் என்றால் கொறங்காடு: சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். மழை பெய்தால் புல் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. அந்த ஊர்ப் பெண் கரை தொட்டு ஓடும் வாய்க்காலைப் பார்த்தால் என்ன செய்வாள்? கல்யாணமான புதிதில் தண்ணீருக்குப் போனவள், குடத்தைக் கரையில் வைத்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே குதித்துவிட்டாள். குடம் மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்த யாரோ ஓடிப்போய் அப்பத்தாவிடம் சொல்ல, வீடே அலறிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடியது. அங்கே மருமகள் மதகுக்கு மேலே ஏறி நின்று இரண்டாவது முறை குதிக்கத் தயாராக இருந்தாள். அப்பத்தா இந்தக் கதையை முதல் பத்து வருடம் கோபமாகவும், அதன் பிறகு சாகிறவரைக்கும் பெருமையாகவும் சொன்னாள்.

நீச்சலை அவள் கற்றது பிறந்த ஊரின் ஆழக் கிணற்றில். முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி இறக்கிவிடுவார்களாம். எங்களுக்கும் அப்படித்தான் பழக்கினாள். கிணற்று மேட்டில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “காலை அடி அம்மிணி, காலை அடி! கிணறு உன்னத் தின்னுபோடாது. நீதான் அதைத் தின்னற மாதிரி வாயப் பொளந்துட்டு இருக்கற” என்று கத்துவாள். பயந்து அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். சிரித்ததில் உடம்பு இளகி, கால் தானாக அடித்தது. சிரிக்க வைத்து வேலை வாங்குவது அவளுக்குக் கைவந்த கலை. களையெடுப்பிலும் அதைத்தான் செய்தாள்.

அவள் பார்த்த வேலைகளை வரிசையாக எழுதினால் படிக்கிறவருக்கே மூச்சு வாங்கும். விடியுமுன் எழுந்து கட்டுத்தரையில் சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டிக்கு அனுப்பி, சோளத்தட்டு வெட்டிப் போட்டு, பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கலந்து தண்ணி காட்டி, அடுப்பைப் பற்றவைத்து, எங்களைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்தி, வெயில் ஏறுமுன் காட்டுக்குள் இறங்குவாள். மத்தியானம் பெரும்பாலும் அரிசிம்பருப்பு சாதம். அது ஒரே போசியில் ஆகிற சமையல், அதனால் நேரம் மிச்சம். சாயங்காலம் மறுபடி மாடு, மறுபடி பால். பால் காசு அவளுடைய சிறுவாடு. அதில் சீட்டுப் போட்டாள், எங்கள் பள்ளிக் கட்டணம் கட்டினாள், எனக்குத் தோடு வாங்கினாள். வருடத்துக்கு ஒரு முறை யாருக்கும் கணக்குச் சொல்லாமல் அந்தியூர்த் தேருக்குப் போய்ச் செலவழித்துவிட்டு வந்தாள்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரை, மாட்டுச் சந்தை தமிழகம் முழுக்கப் பேர்போனது. மற்றப் பெண்கள் வளையல் கடைக்குப் போனால் அம்மா மாடு பார்க்கப் போவாள். காங்கேயம் மாட்டைப் பல் பிடித்து வயது சொல்வாள். கொம்பையும் திமிலையும் பார்த்து வண்டிக்கு ஆகுமா, ஏருக்கு ஆகுமா என்று தீர்ப்புச் சொல்வாள். ஆனால் விலை பேசும் இடத்தில் பெண்ணுக்கு வேலை கிடையாது. அங்கே தரகர்கள் துண்டுக்கடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்கு எதுவும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். சின்ன வயதில் அவளுடைய அப்பா, அதாவது எங்கள் அப்பிச்சி, சொல்லிக்கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் எங்களை உட்கார வைத்து, சமையல் துணியை விரித்து அதற்கடியில் விரல் பிடித்து, ஆட்டுக்குட்டியிலிருந்து அண்ணன்வரை எல்லாவற்றுக்கும் விலை பேசி விளையாடுவாள். அண்ணனை ஒரு தடவை நான் நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன். “ஏமாந்துட்டியே சாமி, பல்லைப் பார்த்தியா?” என்றாள். பிற்பாடு ஒரு சந்தையில் அப்பாவைத் தரகர் ஏமாற்றப் பார்த்தபோது, அம்மா முந்தானையையே துண்டாகப் போட்டுக்கொண்டு கையை நீட்டினாளாம். கூட்டம் ஒரு நிமிடம் வாயடைத்து, பிறகு வழிவிட்டிருக்கிறது. மாடு அவள் சொன்ன விலைக்கே வந்தது.

1972-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் போராடியது தமிழக விவசாய வரலாற்றில் பெரிய அத்தியாயம். நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரத் தெருக்களை மாட்டுவண்டிகளால் நிறைத்தார்கள். ஈரோடு அப்போது கோவை மாவட்டத்தில்தான் இருந்தது, தனி மாவட்டமானது 1979-இல். அப்பாவும் வண்டி பூட்டிக்கொண்டு போனார். போனவர்கள் பட்ட அடியும் சிறையும் துப்பாக்கிச்சூட்டில் போன உயிர்களும் மறக்கக்கூடாதவை, மறக்கவும் இல்லை. ஆனால் வண்டியோடு மாடும் போய்விட்ட தோட்டத்தில் யார் இருந்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. கைக்குழந்தையாக இருந்த அண்ணனைத் தூளியில் போட்டுவிட்டு, அம்மாவும் அக்கம்பக்கத் தோட்டத்துப் பெண்களும் ஒரு தோட்டம் மாற்றி ஒரு தோட்டமாகக் குடத்தில் தண்ணீர் சுமந்து மிளகாய் நாற்றைக் காப்பாற்றினார்கள். ஒவ்வொரு தோட்டம் முடிந்ததும் அந்த வீட்டுக்காரி ஏதாவது செய்துபோட வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டாளாம். கச்சாயம், சந்தவை, ஒப்புட்டு என்று ஒரு வீட்டை விஞ்சி இன்னொரு வீடு. போராட்டத்திலிருந்து திரும்பியவர்கள் இளைத்து வந்தார்களாம். இவர்கள் கொஞ்சம் பூசின மாதிரி இருந்தார்களாம். அந்தப் போராட்டங்களின் நீட்சியாகத்தான் 1990-இல் விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்தது. குடம் சுமந்தவர்களுக்கும் அதில் பங்குண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் அம்மாவைப் பற்றிச் சொல்ல முடியாது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மஞ்சள் எப்படி உருவாகிறது என்பது கடையில் பொட்டலம் வாங்குகிறவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. வைகாசி, ஆனியில் பார் பிடித்து விதை மஞ்சளை ஊன்றுவார்கள். இடையில் சின்ன வெங்காயம் போட்டால் மஞ்சள் தலை எடுக்குமுன் கைச்செலவுக்குக் காசு வந்துவிடும். நாலைந்து களை. மண் அணைக்க வேண்டும். மழை தேங்கினால் கிழங்கு அழுகும், அதனால் வடிகால் வெட்ட வேண்டும். தை, மாசியில் இலை பழுத்துச் சாய்ந்ததும் அறுத்துவிட்டுக் கிழங்கைக் கொத்தி எடுப்பார்கள். குனிந்த முதுகு நிமிராத வேலை. அப்புறம் வேகவைப்பு.

பெரிய கொப்பரையில் மஞ்சளைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மேலே மஞ்சள் இலையையே போட்டு மூடி எரிப்பார்கள். நுரை பொங்கி, வாசனை மாறி, வெள்ளை ஆவி கிளம்பும்போது பதம் நெருங்குகிறது. ஒரு குச்சியால் கிழங்கைக் குத்தினால் தடையில்லாமல் மறுபக்கம் வர வேண்டும். வேக்காடு குறைந்தால் காய்ந்த பிறகு உள்ளே சீராக இருக்காது, கூடினால் நிறம் கெடும். இரண்டிலும் ஏலத்தில் விலை விழும். எங்கள் களத்தில் அந்தக் குச்சி அம்மா கையில்தான் இருந்தது. வருடம் முழுக்க மஞ்சள் வேகவைப்பதே தொழிலாக உள்ளவர்கள்கூட, “அம்மிணி, ஒருக்கா பாத்துச் சொல்லுங்” என்பார்கள். பல சமயம் குச்சியே வேண்டியதில்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு மோப்பத்திலேயே, “இன்னும் ஒரு கொதி இருக்குதுங்” என்பாள். அது சரியாகவே இருக்கும்.

வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில்தான் வேகவைப்போம். பன்னிரண்டு மணிக்குத் தூக்கம் கண்ணைச் சொருகும். அப்போதுதான் அம்மாவின் ராஜ்ஜியம் தொடங்கும். களத்து மண்ணில் கரித்துண்டால் கோடு போட்டுத் தாயம். ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகள்தான் உருட்டுக்காய். எல்லோர் கண் முன்னாலேயே காயை நகர்த்திவைப்பாள், பிடித்துவிட்டால், “நெருப்பைப் பாக்கறதா, உங்களைப் பாக்கறதா?” என்று சத்தம் போட்டு ஜெயித்துவிடுவாள். தணலில் நிலக்கடலை வேகும். வேலைக்கு வந்த பெண்கள் கும்மிப் பாட்டு எடுப்பார்கள். அம்மாவுக்குத் தெரிந்த பாட்டுகளில் பாதி அவர்களிடம் கற்றது, அதை எங்கே பாடினாலும் யாரிடம் கற்றேன் என்று சேர்த்துத்தான் சொல்வாள். அப்புறம் விடுகதை. பழைய விடுகதைகள் தீர்ந்துபோனால் அவளே கட்டுவாள். எனக்கு மறக்காத ஒன்று: “பகலெல்லாம் தூங்குவான், ஊரு தூங்கினா முழிப்பான், கம்பி மேல நடந்து வருவான், கிணத்துக்குள்ள கையை விடுவான். யாரு?” விடை, மும்முனை மின்சாரம். முறைவைத்து நள்ளிரவில் விடும் அந்தக் கரண்டுக்காகக் கையில் டார்ச்சோடு, பாம்புக்குக் காலைத் தட்டித் தட்டி நடந்து, மோட்டார் போட்டவள் அவள். தூக்கத்தைத் தின்ற அந்தக் கரண்டை விடுகதையில் கட்டிப்போட்டுவிட்டாள்.

சினிமாக்காரர்களுக்கு எங்கள் பக்கம் மிகப் பிடித்த இடம். கோபிச்செட்டிபாளையத்தைச் சுற்றி எத்தனையோ படங்கள் எடுத்திருக்கிறார்கள். ஒரு முறை வாய்க்கால் கரையில் படப்பிடிப்பு. கதாநாயகன் ஏர் ஓட்ட வேண்டும். வேடிக்கை பார்க்கப் போன அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “தம்பீ, மேழியை அமுக்கிப் பிடிங்! இல்லீன்னா மாடு உங்களையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும்” என்று கத்திவிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்க்க, இவளே இறங்கிப்போய் இரண்டு சால் ஓட்டிக் காட்டினாள். அந்தச் சால் நேராக இருந்தது என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. படத்தில் அந்தக் காட்சி வரவில்லை, அம்மாவுக்கு அதில் வருத்தமும் இல்லை.

இவ்வளவு சிரித்தவளுக்குக் கஷ்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். மஞ்சள் விலை 2010-இல் குவிண்டாலுக்கு 15 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. ஊரே மஞ்சளுக்கு மாறியது. இரண்டே வருடத்தில் 4 ஆயிரத்தை ஒட்டி இறங்கியது. காயவைத்து, பாலிஷ் போட்டு, மூட்டை கட்டி வீட்டுக்குள் அடுக்கிவிட்டு, விலை ஏறும் என்று காத்திருந்த மாதங்களில் அம்மா அதிகம் பேசவில்லை. விரலி தனியாக, கிழங்கு தனியாகப் பிரித்ததையே மறுபடி மறுபடி பிரித்துக்கொண்டிருந்தாள். ஆள் கூலி கொடுக்கத் தோட்டை அடகு வைத்தாள். அவளுக்குக் கோபமும் வரும். வாய்க்கால் தண்ணீரை முறை தவறித் திருப்பிக்கொண்ட பங்காளியோடு அவள் போட்ட சண்டையில் இரண்டு குடும்பத்துக்கும் நாலைந்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. மாட்டுக்குத் தண்ணி காட்ட மறந்தால் எங்களுக்கும் அன்றைக்குச் சோறு தாமதமாகத்தான் வரும்.

துன்பத்தை மறைக்கத்தான் சிரித்தாள் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதில் அவள் கெட்டிக்காரி என்பது அவளுக்கே தெரியும். கெட்டிக்காரத்தனத்தில் வருகிற சந்தோஷம் அது. உழைத்த தாய்மார்களைத் தியாகிகள் என்று கும்பிட்டுவிட்டு நகர்வது நமக்கு வசதியாக இருக்கிறது. தியாகிக்கு ஒரு படமும் மாலையும் போதும். தொழில் தெரிந்தவருக்கு அதற்குரிய இடத்தைக் கொடுத்தாக வேண்டும்.

அறுபது வயதுக்கு மேல் அவளுக்கு ஒரு புதுச் சந்தோஷம் கிடைத்தது. வள்ளி ஒயில் கும்மி கொங்கு நாட்டின் பழைய ஆட்டம், வள்ளி முருகன் கதையைப் பாடிக்கொண்டே ஆடுவது. நெடுங்காலம் அதில் ஆண்கள்தான் ஆடினார்கள். காரமடைப் பக்கத்து ஆசிரியர் பத்திரப்பன் பெண்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பெண்கள் ஆடுவது ஊர் ஊராகப் பரவி எங்கள் ஊருக்கும் பயிற்சி வந்தபோது, பேத்தியைக் கொண்டுபோய்விடப் போன அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். முட்டிவலி உள்ளவர்கள் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லிக்கொடுப்பவர் சொன்னதற்கு, “வீட்டுல இருந்தாலும் முட்டி வலிக்குதுங். இங்க வந்தாப் பாட்டோட வலிக்குது” என்றாள். அரங்கேற்றத்தன்று ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு நடுவே, அடி தவறாமல், கடைசிவரை ஆடினாள். சின்ன வயதில் கோயில் திடலின் ஓரத்தில் நின்று பார்த்தே அவள் எல்லா அடியையும் படித்து வைத்திருந்தாள்.

அம்மா ஒரு மாசி மாதம் போனாள். இறப்பைப் பதிவு செய்ய விவரம் எழுதும்போது தொழில் என்ன என்ற கேள்வி வந்தது. உறவினர் ஒருவர் சட்டென்று “வீட்டு வேலை” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அம்மா வேகவைத்த மஞ்சளைப் பார்த்தவர், அவளிடம் மாட்டுக்கு யோசனை கேட்டவர். நான் “விவசாயம்” என்று திருத்தினேன். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம் இருந்தது. அன்றிரவு அப்பாவின் இரும்புப் பெட்டியிலிருந்த காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். பட்டா, சிட்டா, அடங்கல், கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் புத்தகம், சொட்டுநீர் மானியக் கடிதம். எதிலும் அவள் பெயர் இல்லை. பால் சொசைட்டி அட்டைகூட அப்பா பெயரில்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் மட்டும் இப்படி என்றால் எழுதியிருக்க மாட்டேன். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலங்களில் பெண்களைச் சாகுபடியாளராகக் கணக்கிட்டவை எண்ணிக்கையில் நூற்றுக்குச் சுமார் 14. காட்டில் குனிந்து நிற்பவர்களை எண்ணினால் கணக்கு எப்படி இருக்கும் என்று ஊர்ப்பக்கம் போய்வருகிற எவருக்கும் தெரியும். தமிழ்நாடு 1989-இலேயே இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கொடுத்துச் சட்டம் செய்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இல் நாடு முழுக்கச் சட்டம் திருந்தியது. இரண்டுமே மகளுக்கான உரிமை. மனைவியாக வந்து, கணவனுடைய நிலத்தில் ஆயுள் முழுக்க உழைக்கிற பெண்ணுக்கு, கணவன் உயிரோடு இருக்கும்வரை அந்த நிலத்தில் பாத்தியதை கிடையாது. பட்டாவில் பெயர் இல்லாததால் தன் பெயரில் பயிர்க்கடன் வாங்குவது கடினம். 2019 முதல் வருடத்துக்கு 6 ஆயிரம் ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டமும் நில ஆவணத்தைத்தான் பார்க்கிறது. இவர்களோடு சேர்ந்து அதே வெயிலில் களையெடுக்கிற, ஒரு சென்ட் நிலமும் இல்லாத கூலிப் பெண்களின் நிலைமை இன்னும் கொடுமை. அவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் வாங்கிப் பதியும் 10 லட்சம் ரூபாய் வரையிலான நிலம், மனை, வீட்டுக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறது தமிழக அரசு. இருக்கிற நிலத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்குள்ளேயே செட்டில்மென்ட் பத்திரமாக எழுதிக்கொடுக்கலாம். பத்திரத்தோடு நிறுத்தாமல் பட்டாவையும் பெயர் மாற்ற வேண்டும். பால் சொசைட்டி உறுப்பினர் அட்டையையும் மாற்ற விண்ணப்பிக்கலாம். எங்கள் வீட்டில் அப்பாவும் அண்ணனும் பேசி, மஞ்சள் போடுகிற ஒரு ஏக்கரை அண்ணி பெயருக்கு எழுதிவிட்டார்கள். இந்தப் பருவத்துப் பயிர்க்கடன் அண்ணி கையெழுத்தில்தான் வாங்கியிருக்கிறோம்.

ஊரில் தோட்டம் உள்ளவர்கள், அடுத்த முறை போகும்போது பட்டாவை எடுத்துப் பாருங்கள். அம்மாவின் பெயரோ மனைவியின் பெயரோ அதில் இல்லையென்றால், அவர்கள் நல்லபடியாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே எழுதிவிடுங்கள்.